வாசல் ஆணி

கடலே இல்லாத எங்கள் ஊரில் ஒருவர் கடல் தாண்டும் பாய்மரப் படகு கட்டினார். சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷனுக்கு நான் நடக்கும் வழியில்தான் அவருடைய கொட்டகை. தங்கச் சுரங்கத்தில் வெல்டராக இருந்தவர். கையெல்லாம் பொறி தெறித்த தழும்பு. ஒரே ஒரு ஆள் படுக்க இடம், மூன்று மாதத் தண்ணீருக்குத் தொட்டி என்று எல்லாம் அவரே சுவரில் கரியால் வரைந்தது. பற்றவைத்த ஒவ்வொரு தகட்டையும் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். சுரங்கத்தில் தலைக்கு மேலே உள்ள பாறையை அப்படித்தான் சோதிப்பார்களாம்.

படகு லாரியில் ஏறிய காலையில், அவர் தன் வீட்டு வாசலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பழைய பித்தளை டோக்கன் ஒன்றை அதில் மாட்டிப் பார்த்தார். உடனே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னாங்க இது?”

“சுரங்கத்துல கீழ எறங்கறப்போ டோக்கன எடுத்துனு போவோம். மேல வந்ததும் மாட்டிடணும். ஆணி காலியா இருந்தா, ஆள் இன்னும் வரலன்னு தேடுவாங்க.”

“நீங்க ஒண்டிக்கட்ட. ஆணிய யாரு பாக்கப் போறாங்க?”

“நீ தெனம் இப்படித்தானே ரயிலுக்குப் போற?”

என் பெங்களூர் வேலை போன மாதமே முடிந்துவிட்டது. ஆனாலும் காலையில் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். ஆணி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.