காமினியின் வழக்கும் ஜோவானின் வாக்குமூலமும்

முப்பத்திரண்டு வயது வரை ஜோவானுக்கும் சட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் பொறியாளராக இருந்த பெண். வேலைக்கு மனுச் செய்கிறவர்களின் விவரங்களைப் பதியும் நிரலை எழுதியவர் அவர்தான். ஒருநாள் குணவதி என்ற பெண்ணின் மனுவை அந்த நிரல் திரும்பத் திரும்பத் தள்ளிவிடுகிறது என்று ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து அழைத்தார்கள். ஜோவான் போய்ப் பார்த்தார். ஐசி எனப்படும் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல் எந்த மனுவையும் ஏற்காதே என்று அவரே எழுதியிருந்தார். குணவதிக்கு அந்த எண் கிடையாது. இங்கேயே பிறந்தவர், பிறப்பைப் பதிய மட்டும் யாரும் போகவில்லை.

ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்தால் முடிந்துவிடும் என்று நினைத்து ஜோவான் விடுப்பு எடுத்துக்கொண்டு குணவதியோடு போனார். பதினோரு மாதம் அலைந்தும் முடியவில்லை. அந்த அலைச்சலில்தான் சட்டம் படிக்க வேண்டும் என்று தோன்றியது. வார இறுதிகளில் படித்து, நாற்பதாவது வயதில் வழக்கறிஞரானார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம் திறந்தார்.

குடியுரிமை இல்லாதவர்களின் ஆவணங்களைத் தொகுக்க அங்கே ஒரு நிரலை எழுதினார். யாருக்கு எந்தத் தாள் குறைகிறது, எந்தக் கடிதத்துக்கு எந்த நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதை அது சொல்லும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எல்லா இடங்களிலிருந்தும் வந்த தன்னார்வலர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். நான்கு ஆண்டுகளில் எண்ணூறு கோப்புகள் சேர்ந்தன. சட்டமே மாறாமல் இந்த வரிசை குறையாது என்று ஜோவான் கூட்டங்களில் பேசத் தொடங்கினார். ஒரு கட்சி அவரை மாநிலத் தேர்தலில் நிற்கக் கேட்டது. ஒப்புக்கொண்டார்.

பிரச்சாரத்துக்கு நேரம் வேண்டுமே என்று, தன்னார்வலர்கள் கைப்பேசியிலேயே பதியும்படி நிரலை மாற்றினார். அவசரத்தில் செய்த வேலை. சில கைப்பேசிகளில் மாதம் முதலிலும் நாள் அடுத்தும் வரும். அதை அவர் கவனிக்கவில்லை.

வாக்களிப்புக்குப் பதினாறு நாள் இருந்தபோது கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு தன்னார்வலர் அழைத்தார். கையில் இருக்கும் கடிதத்தில் ஒரு தேதியும் திரையில் வேறு தேதியும் இருப்பதாகச் சொன்னார். ஜோவான் எல்லாக் கோப்புகளையும் சோதித்தார். ஒன்பது கடிதங்களின் தேதி பிசகியிருந்தது. எட்டுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. ஒன்பதாவது காமினியுடையது. அவளது குடியுரிமை மனுவை அரசு நிராகரித்த கடிதம் மார்ச் ஆறாம் தேதியிட்டது. நிரல் அதை ஜூன் மூன்று என்று படித்திருந்தது. நீதிமன்றச் சீராய்வு கேட்க மூன்று மாதம்தான் தவணை. அது முடிந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. காமினிக்கு இருபத்தொரு வயது நிறைந்து, வயது வரம்பும் தாண்டிவிட்டதால் புதிதாக மனுச் செய்யவும் வழியில்லை.

காமினி தாசேக் கெலுகோரில் செம்பனைத் தோட்ட லாரி ஓட்டும் அர்ஜுனனின் வளர்ப்பு மகள். பெற்றவர்களைப் பற்றிய தாள் எதுவும் இல்லாமல் கைக்குழந்தையாக வந்தவள். அன்று மாலையே ஜோவான் அவர்கள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"அப்போ எனக்கு ஐசி கிடைக்காதா, அக்கா?" என்று காமினி கேட்டாள்.

"தெரியலம்மா. நீங்க எல்லாத்தையும் டைமுக்குக் கொடுத்தீங்க. தப்பு என்னோடது."

அர்ஜுனன் மகளைப் பார்த்தார். பிறகு, "எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா. ஒங்கள நம்பித்தான் விட்டோம்" என்றார்.

தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் காரணத்தைச் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். தன் பிழைக்குத் தானே சாட்சி என்பதால் ஜோவான் வழக்கை நடத்த முடியாது. அன்றிரவே ஷாஹிரா என்ற வழக்கறிஞரிடம் கோப்பை ஒப்படைத்துவிட்டு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார்.

பிரச்சாரப் பொறுப்பாளர் குகன் மாடியேறி வந்தார். அது பொது ஆவணம், தேர்தலில் எதிர்த்து நிற்பவர்கள் ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள் என்று எச்சரித்தார்.

"எலெக்‌ஷன் முடியட்டும்லா, அக்கா. அம்பது நாள் போயாச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல என்னா ஆயிரப் போவுது?"

"அம்பது நாள் எனக்குத் தெரியாமப் போச்சு, தம்பி. இந்த ரெண்டு வாரம் தெரிஞ்சே போவும். கோர்ட்ல கேட்டா நான் என்னா சொல்றது?"

மறுநாளே வாக்குமூலம் தாக்கலானது. குகன் பயந்தபடியே நடந்தது. தேதி பார்க்கத் தெரியாத வக்கீல் என்று கைப்பேசிகளில் படம் பரவியது. சந்தையில் துண்டறிக்கை கொடுத்தபோது ஒரு முதியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஜோவான் தோற்றார். கட்சி அவரை மறுபடி நிற்கச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தவறு மனுதாரருடையது அல்ல, தெரிந்த மறுநாளே ஒளிக்காமல் சொல்லப்பட்டிருக்கிறது என்று சொல்லி நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. வழக்கு முடிய மேலும் பதினான்கு மாதம் ஆனது. நிராகரிப்பை ரத்து செய்து, மனுவை மீண்டும் பரிசீலிக்கும்படி தீர்ப்பு வந்தது. மனு ஏற்கப்பட்டு அடையாள அட்டை கைக்கு வந்தபோது காமினிக்கு இருபத்து மூன்று வயது. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள். அவள் தாதியர் கல்லூரியில் முதலாண்டில் சேர்ந்தாள்.

ஜோவான் நிரலைத் திருத்தினார். இப்போது மாதத்தை எண்ணில் எழுத அது விடாது. ஒவ்வொரு தேதியையும் இரண்டு பேர் கடிதத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் கோப்பு நகரும். வேலை மெதுவாகிவிட்டது என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். அவர் மாற்றவில்லை.

காமினி கல்லூரிக்குப் போன மறுவாரம் அர்ஜுனன் தனியாக அலுவலகத்துக்கு வந்தார். நன்றி சொல்லவில்லை, பழையதையும் பேசவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஓரம் கிழிந்த ஒரு மருத்துவமனைத் தாளை எடுத்து வைத்தார்.

"என் தங்கச்சி பேத்திக்கும் பொறப்புப் பத்திரம், சூராட் பெரானாக் இல்லம்மா. பாக்க முடியுமா?"

ஜோவான் தாளை வாங்கி, பிள்ளையின் பெயரைக் கேட்டார்.