அப்பா துடைத்த மோட்டார்

அப்பா இறந்த ஆறாவது வருடம் எனக்கு அவர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. முந்தைய ஐந்து வருடங்களில் தொழிற்சாலையில் ஓவர்டைம் அதிகம். பாசம் வந்தது கைப்பேசி வழியாக. யாரோ ஒருவர் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பதினைந்தே நிமிடத்தில் புத்தம் புதிதாக்கும் காணொளி அது. பார்த்து முடித்த சூட்டோடு எங்கள் சுங்கைப் பட்டாணி வீட்டின் சமையலறைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அங்கே தகரக் கூரையின் கீழ் எங்கள் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் முப்பத்து நான்கு வருடமாக நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு டயரும் மண்ணோடு மண்ணாகியிருந்தன. கைப்பிடியில் அம்மாவின் கரித்துணிகள் காய்ந்தன. முன்கூடையில் ஒரு பாண்டான் செடி தொட்டியோடு குடியிருந்தது.

பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது ஓடிய வண்டி. அம்மா அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். அப்பா ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தார். எனக்கு ஆறு வயதானபோது தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். மோட்டாரும் சாமான் லாரியில் ஏறி வந்தது. இறங்கிய நாளிலிருந்து ஓடவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. அது அப்பா ஓட்டிய வண்டி என்பதற்கு எனக்கு இரண்டு அத்தாட்சிகள் போதுமாக இருந்தன. ஒன்று, அப்பா அந்த மோட்டாரின் கைப்பிடியில் கைவைத்து, ராஜா மாதிரி நிற்கும் புகைப்படம். இன்னொன்று என் ஞாபகம்: காக்கிச் சட்டை போட்ட முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போகிறேன், ரப்பர் பால் வாடை அடிக்கிறது, பின்னாலிருந்து அம்மாவின் கை என் வயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன்: ‘அப்பாவின் குதிரைக்கு மறுபடியும் உயிர் கொடுக்கப் போகிறேன்.’ பாலிங் முதல் பண்டார் பாரு வரை இருக்கிற சொந்தமெல்லாம் கும்பிட்ட கைகளாக அனுப்பித் தள்ளியது. பண்டார் பாருவில் இருக்கும் என் அக்கா மட்டும் ஒரே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் யோசித்தது வேறு.

“நின்னா நிக்கட்டும்லா. கரித்துணி காயப்போட எடம் வேணாமா?”

மறுவாரமே ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர் வாங்கினேன். முதல் சனிக்கிழமை நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். அதில் இரண்டு பாதியோடு உடைந்தன. இரண்டாவது சனிக்கிழமை முன்விளக்கைத் திறந்தேன். உள்ளே பல்லி முட்டைகள். அதையும் படம் பிடித்துப் போட்டேன், பழமையின் எழில் என்று எழுதி. மூன்றாவது சனிக்கிழமை என் கட்டைவிரல் செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டியது. நான்காவது சனிக்கிழமை மோட்டாரை லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன்.

மெக்கானிக் என்னைவிட இளையவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். நான் உடைத்த திருகாணிகளிடம் கொஞ்ச நேரம் நின்றார்.

“அண்ணே, இத நீங்க தொடாம கொண்டாந்திருந்தா சீக்கிரமா முடிஞ்சிருக்கும்.”

“கொஞ்சம் வேலய நானே செய்யணும்னு ஆச.”

“அதான் தெரியுது.”

மூன்று மாதம் ஆயிற்று. இறுகிப்போன இன்ஜினைத் திறந்து, பிஸ்டனை மாற்றி, கார்புரேட்டருக்குள் கோந்தாகிக் கிடந்த பெட்ரோலைச் சுரண்டியது எல்லாம் அவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றது நான். பக்கவாட்டு மூடியில் ‘அப்பா’ என்று வளைந்த எழுத்தில் ஸ்டிக்கர் வேண்டுமென்று கேட்டதும் நான்தான். வண்ணம் பூசிய அன்று ஃபேஸ்புக்கில் அந்தக் காக்கி முதுகையும் பால் வாடையையும் பற்றி நீளமாக எழுதினேன். எழுதும்போது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மெக்கானிக் கிராண்டைக் கேட்டார். வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் அட்டை. அது இல்லாமல் ரோட் டேக்ஸ் எடுக்க முடியாது. அப்பாவின் பைல் முழுவதும் தேடினேன், இல்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து போய்த் தன் அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துவந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் கீரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“அம்மா, இதுல உங்க பேரு போட்டிருக்கு.”

“எம் மோட்டாருக்கு எம் பேருதான் போடுவாங்க.”

“அப்பா ஓட்டின மோட்டாருல்ல?”

“அவரா?” அம்மா தலை தூக்கவில்லை. “அவருக்குச் சைக்கிளே வராது. மொத நாளு எடுத்தாரு, ஆபீசு பக்கத்துச் சாக்கடையில கொண்டுபோயி விட்டாரு. அதோட சரி. தொடைக்கிறது மட்டும் அவரு வேல. ஞாயித்துக்கெழமையானா பளபளன்னு தொடச்சி வச்சிருவாரு.”

“போட்டோவுல நிக்கிறாரே?”

“நிக்கிறதுக்கு ஓட்டத் தெரியணுமா?”

நான் விடவில்லை. என் ஞாபகம் பொய்யாக இருக்க முடியாதே. காக்கிச் சட்டையைச் சொன்னேன். பால் வாடையைச் சொன்னேன்.

“வெட்டுக்குப் போறப்ப அவரு சட்டையத்தான் மேல போட்டுக்குவேன், கொசுக்கடிக்கு. பால் வாட எம்மேலதான அடிக்கும்? அவருமேல எப்பவும் பொகை வாடதான்.”

“அப்ப பின்னால என் வயித்தப் புடிச்சிக்கிட்டு வந்தது?”

“அவருதான். உன்னயக் காப்பாத்தப் புடிச்சாரோ, பயத்துல எதையாச்சும் புடிக்கணும்னு புடிச்சாரோ, எனக்குத் தெரியாது.”

முந்நூறு பேர் இதயம் போட்ட பதிவில், பெற்றவர்கள் இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்கார வைத்திருந்தேன். முதுகு அம்மாவுடையது. வலிக்கிற அளவுக்கு என்னை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கை, இத்தனை வருடமாக நான் அம்மா கணக்கில் சேர்த்திருந்த கை, அப்பாவுடையது. கூடத்தில் போய் உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்தேன். என் மனைவி அஜீரணமா என்று கேட்டாள்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாம என்ன. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு.”

“மூணு மாசமா எழுதிக்கிட்டிருக்கேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நல்லா எழுதியிருந்த தம்பி. ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன். தோட்டத்துல இருந்தவங்க எல்லாருக்கும் தெரியும்லா. அம்மாதான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, அவருக்கு நல்ல பேரு வருது, வந்துட்டுப் போகட்டும்னு சொல்லி வச்சிருந்தாங்க.”

அந்தக் கும்பிட்ட கைகளின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மோட்டார் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை அக்காவும் வந்திருந்தார். இந்த வேடிக்கைக்காகவே பண்டார் பாருவிலிருந்து கிளம்பி வந்ததாக மறைக்காமல் சொன்னார். மெக்கானிக் லாரியிலிருந்து வண்டியை இறக்கி வாசலில் நிறுத்தினார். நீலமும் வெள்ளையுமாக மின்னியது. அம்மா ஸ்டிக்கரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அப்பா. நல்லாத்தான் எழுதியிருக்கான்.”

நான் உதைத்தேன். பதினொரு தடவை உதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் அம்மா படியிறங்கி வந்தார்.

“தள்ளுய்யா.”

சோக்கை இழுத்தார். கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்தி, எதையோ காது கொடுத்துக் கேட்பவர் மாதிரி நின்று, பிறகு ஒரு மிதி. இரண்டாவது மிதியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பஞ்சாபி சூட்டின் ஷாலை அக்காவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. முருங்கைக்காய் பறிக்க ஏணியில் ஏறினாலே நான் சத்தம் போடுவேன். அன்று சத்தம் போட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கியர் மாறுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. சந்தின் கடைசி வீடு வரை போய், பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றித் திருப்பிக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடி, பாதி வழியில் அவர் எதிரே வரக் கண்டு ஒதுங்கி நின்றேன்.

வாசலில் இன்ஜினை நிறுத்தியவர் இறங்கவில்லை. மெக்கானிக்கைப் பார்த்து, “பிரேக்கு நல்லா இருக்கு தம்பி,” என்றார். கைப்பிடியை விடாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, கால் வலிக்குதா?” என்றார் அக்கா.

“இல்ல. பின்னால சத்தமே இல்லாம போறது ஒரு மாதிரியா இருக்கு. ஒவ்வொரு வளைவுக்கும் ‘முருகா, முருகா’ன்னு காதுக்குள்ள வருவாரு. பேசாம வாங்கன்னு திட்டிக்கிட்டே ஓட்டுவேன்.”

அக்கா ஷாலை மடித்துக்கொண்டே இருந்தார்.

சாப்பிடும்போதுதான் கேட்டேன், டவுனுக்கு வந்த பிறகு ஏன் ஓட்டவில்லை என்று.

“லைசென்சு கெடையாது. தோட்டத்துல யாரு கேட்டா? இங்க ரோட்டுக்கு ரோடு போலீசு நிக்கும்.” ரசத்தை ஊற்றிக்கொண்டு தொடர்ந்தார். “இப்ப எடுக்க முடியுமா பாரு. முட்டிக்கு இந்தக் கியரு ஒத்து வராது. கியரு இல்லாத மோட்டாரு இருக்காமே.”

இந்த மூன்று மாதத்தில் நான் வாங்கிய பாராட்டுகள் எல்லாம் என் தட்டில் ஆறிப்போய்க் கிடந்தன.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அம்மாவை ஓட்டுநர் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகத்தோடு விண்ணப்பப் பாரத்தை என் பக்கம் நகர்த்தினாள். அம்மா அதைத் தன் பக்கம் இழுத்து வைத்து, கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே என்னிடம் பேனா கேட்டார்.