டப்பாக்காரரின் கடைசி வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு டப்பாக்காரர் என்று பெயர். ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு தனித்தனி டப்பாவில் அடைத்து, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓடவிடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. மவுஸை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. ஐம்பது தாண்டியவர், கல்யாணம் இல்லை. அக்காவும் தம்பியுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா இறந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் வேலைப் பேச்சுதான்.

புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வார். "டப்பா தூக்கிப் போடறதுக்குத்தான். காப்பாத்த வேண்டியத வெளிய வைங்க."

காலையில் வந்ததும் ஓடுகிற டப்பா, நின்ற டப்பா எல்லாம் சேர்த்துப் பட்டியலை வரவழைப்பார். கடைசி வரியில் கண் கொஞ்ச நேரம் நிற்கும். 'நின்று எட்டு மாதம்' என்றிருக்கும். அது என்ன என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அக்கா டைரி எழுதறதுக்குன்னு ஓட்டின டப்பா. தினம் அதுல ஏதாவது எழுதி வெப்பா. ஆஸ்பத்திரியிலேர்ந்தும் மூணு வாரம் எழுதினா. அந்த மூணு வாரத்த மட்டும் நான் இன்னும் படிக்கல."

"ஏன் சார்?"

"படிச்சுட்டா, அப்புறம் அவ எங்கிட்ட சொல்ல ஒண்ணும் இருக்காதே."

போன செவ்வாய் மதியம் சர்வரில் இடம் நிறைந்து என் வேலை நின்றது. எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். "குப்பையெல்லாம் சேத்து வெச்சு ஏன் சார் எங்க உயிர வாங்குறீங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. நின்றுபோன டப்பாக்களை மொத்தமாக அழிக்கும் கட்டளையைத் தட்டினார். நிச்சயமாகவா என்று இயந்திரம் கேட்டது. ஆயிரம் தடவை ஆமாம் சொல்லிப் பழகிய விரல், அன்றும் ஆமாம் என்றது.

பதினான்கு டப்பாக்கள் போயின. இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே இருந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், அக்கா எழுதினது வெளியதானே இருக்கு?"

"அன்னிக்கு ஏதோ அவசரத்துல உள்ளயே வெச்சுட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்."

என் வாயை எதைக் கொண்டு அடிப்பது? மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க. ஆமான்னது நான்தானே," என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல் வந்து, நின்றவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லித் தட்டினார். ஓடுபவை மட்டும் வந்தன. மறுபடியும் தட்டினார்.