சொல்லாமல் கைமாற்றிய கட்டில்

தாதி வேலையில் நாள் முழுக்க நின்று கால் வீங்குவதைவிட, ட்யூட்டி மாறும் பத்து நிமிடம்தான் கஷ்டம். என்னோடு இந்த வேலையில் மாரடிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

தலையணைக்குக் கீழே

நோன்பு மாதம். இறக்காமம் ஊர் ராத்தா ஒருவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பகல் மாத்திரையை என்னோடு வேலை செய்யும் தாதி நில்மினிதான் கொடுப்பாள். அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, தமிழை எங்கள் வார்டில்தான் பழகினாள். ராத்தா நோன்பு என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை என்னத்தைச் சொல்வது என்று இருந்துவிட்டேன். சீனி இறங்கவில்லை என்று டாக்டரிடம் ஏச்சு வாங்கியது அவள். விரிப்பு மாற்றும்போது தலையணைக்குக் கீழே மூன்று நாள் மாத்திரை கிடந்தது.

"அந்தப் புள்ள அவ்வளவு ஆசையாத் தந்திச்சி மிஸ். வேணாமெண்டு சொல்ல மனசு வரல்ல" என்றார் ராத்தா.

பன்னிரண்டாம் கட்டில்

ராத்தா சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அதோடு நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளி ஒருவர், இனித் தேறமாட்டார் என்று டாக்டர் கைவிட்டவர். மகள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். வாப்பாவின் கடைசி நேரத்தில் காதில் கலிமா சொல்லிக் கொடுக்க வேண்டும், அவளுக்கு வேறு கவலையில்லை. "கூப்பிடுறம்" என்று வாக்குக் கொடுத்தது நான்தான்.

பகல் ட்யூட்டி மாறும்போது பிரஷர், சேலைன் எல்லாம் நில்மினியிடம் ஒப்புவித்தேன். "உள்ளுக்கு ஆக்கள விடாத" என்றும் சொன்னேன். மகளைக் கூப்பிடச் சொல்ல மறந்துவிட்டேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் அவர் மௌத்தானார். மகள் வாங்கிலேயே இருந்திருக்கிறாள்.

மரணத் துண்டு எடுக்க வந்தவளிடம், நில்மினிக்கு நம் வழக்கம் தெரியாது என்று சமாளித்தேன். எவ்வளவு கேவலம்.

"அவக்குத் தெரியாதுதான். ஒங்களுக்குத் தெரியுந்தானே மிஸ்" என்றாள்.

தேத்தண்ணி நேரம்

நில்மினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. தன் அப்பாவையும் கடைசி நேரத்தில் பௌத்தப் பிரித் ஓதித்தான் அனுப்பினார்களாம். சொல்லியிருந்தால் ஓடிப்போய் அந்த மகளைக் கூட்டி வந்திருப்பாளாம். பிறகு தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

"அவர் கதவப் பாத்துக்கிட்டே இருந்தார் அக்கா. நான் தண்ணி கேக்கிறார் எண்டு நினைச்சிக் குடுத்தன்."

அன்று ட்யூட்டி மாற்றிய கொப்பியில் அவருடைய சிறுநீர் அளவுவரை சரியாக எழுதியிருக்கிறேன், விசாரணை வைத்தாலும் என்னில் ஒரு பிழை பிடிக்க ஏலாது.