காய்க்காத பலாவும் கவ்வாத்துக் கத்தியும்

போன வருடம் மாட்டுப் பொங்கலன்று, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லயத்து வாசலில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் இடம் உண்டு. கல்யாணமாகி லுணுகலையிலிருந்து வந்த புதிதில், அம்மா வீட்டுப் பலாக்கொட்டை ஒன்றை அங்கே ஊன்றினேன். மாடு கடிக்காமல் இருக்கப் பழைய தகரத்தை வளைத்துக் கட்டினேன். அரிசி கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல், காய்ந்த சாணம் எல்லாம் அதற்குத்தான். மரம் கூரையைத் தாண்டி வளர்ந்தது. பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை. எனக்கும் குழந்தை இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேச என் மாமியாருக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை. "ரெண்டும் நல்லாத் திங்குது, ஒண்ணும் தர மாட்டேங்குது" என்று, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாலு பேர் காதில் விழவே சொல்வார்.

காரணம் எனக்கும் என் கணவருக்கும் தெரியும். பதுளையில் டாக்டர் இருவரையும் சோதித்துவிட்டு, குறை கணவரிடம்தான் என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மனம் கேட்காமல் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

காய்க்காத மரத்தை மிரட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. ஒருவர் கத்தியை ஓங்கி, வெட்டப் போகிறேன் என்பார். இன்னொருவர் குறுக்கே வந்து, இந்த ஒரு வருடம் பொறுங்கள், காய்த்துவிடும் என்று கெஞ்சுவார். ரோஷம் வந்து மரம் காய்க்குமாம். அன்று மாமியார், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மரத்தடிக்கு வந்தார். வேடிக்கை பார்க்க லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். கெஞ்சுவதற்கு என்னைக் கூப்பிட்டார்.

"வேற யாராவது கேக்கட்டும் அத்தை" என்றேன்.

"வேற யாரு? மலட்டு மரத்துக்கு மலடிதான் கேக்கணும்."

யாரோ சிரித்தார்கள். என் கணவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். அங்கேதான் எனக்குத் தலைக்கேறியது. மாமியாருக்காவது உண்மை தெரியாது. தெரிந்த மனுஷன் வாயில் கொழுக்கட்டையோடு நிற்கிறாரே. நேரே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து மரத்தடியில் நிறுத்தினேன்.

"நீங்க கேளுங்க. இந்த மரத்துக்கு நீங்கதான் பேசணும்."

"உள்ள போ, அப்புறம் பேசிக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

"அப்புறம் அப்புறம்னு எத்தன வருஷம்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மாமியார் ஓங்கிய கத்தியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"கொறை எங்கிட்டம்மா. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. இனி அவள ஒண்ணும் சொல்லாத."

மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். மலடி என்ற வார்த்தையை அதன்பிறகு சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் என்னை எரித்தது அக்கம்பக்கத்துப் பேச்சுதான். "பாவம் அந்த மனுஷன், எப்புடித்தான் மனசுல வச்சிக்கிட்டு இருந்தாரோ" என்றார்கள். இத்தனை வருடம் எனக்கு மலடி என்று பெயர் வைத்தவர்களுக்கு, அவருக்கு வைக்க ஒரு பெயர் கிடைக்கவில்லை.

பலா இன்னும் காய்க்கவில்லை. நான் சாம்பல் போடுவதையும் நிறுத்தவில்லை. காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் அது என் மரம். அவர் அன்றைக்கு வாய் திறந்தார்தான், ஆனால் நான் இழுத்து வந்து நிறுத்திய பிறகுதானே திறந்தார் என்பது மட்டும் இன்னும் என் நெஞ்சில் ஆறவில்லை.