முதலில் நாய், அப்புறம் குளியல், அப்புறம் சாமி

எங்கள் கால்நடை டாக்டர் ருத்ரப்பா போய்விட்டார். முந்தாநாள் விடியற்காலை, தூக்கத்திலேயே...

எடுக்கும்போது வீட்டில் இருந்தவர்கள்: துமகூரிலிருந்து வந்த அவருடைய தங்கை கௌரம்மா, கௌரம்மாவின் மகன், கிளினிக் கம்பவுண்டர் முனிராஜ் அண்ணன், எதிர்க்கடை பேக்கரிக்காரர், கெலவரப்பள்ளியில் மாடு வைத்திருக்கும் நான்கு பேர், என் வீட்டுக்காரர், நான். அப்புறம் கட்டிலுக்கடியில் கெம்பா.

ஒருவரையும் விடவில்லை. வீட்டுக் கணக்கு எழுதி எழுதி வந்த பழக்கம்.

கெம்பா டாக்டரின் நாய். செம்பட்டை நிறம், ஆண், வயது பதிமூன்று. தனியாக இருந்த மனிதருக்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அஞ்சலிப் பதிவுதான் இது. ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது... அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள், வரிசையாக வருகிறேன்.

எங்கள் நாய் வீரனை உங்களில் பலருக்குத் தெரியும். பழைய போட்டோக்களில் நான் போட்ட கோலத்தின் மேலேயே படுத்திருப்பானே, அவன்தான்.

வயதான பிறகு அவனுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக மஞ்சளாக ஏதோ வர ஆரம்பித்தது. ஓயாமல் நக்கினான். நாற்றம், படுத்த இடமெல்லாம் கறை.

நாங்கள் என்ன முடிவு கட்டினோம் தெரியுமா... சூடு.

கம்பெனியில் ஃபர்னஸ் பக்கம் நின்றுவிட்டு வரும் என் வீட்டுக்காரருக்கு என்ன வைத்தியமோ, அதே வைத்தியம் நாய்க்கும். தலையில் விளக்கெண்ணெய். மோர். இளநீர். பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்.

மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டேன். எல்லாம் செய்தோம், அந்த இடத்தை மட்டும் யாரும் குனிந்து பார்க்கவில்லை. எனக்குக் கூச்சம். என் வீட்டுக்காரருக்கு என்னைவிடக் கூச்சம்.

கடைசியில் கிளினிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வீரனின் தலையைத் தடவினார், கையை மோந்து பார்த்தார்.

"நோவு எங்க இருக்குது, எண்ணெ எங்க வெச்சிருக்கீங்கோ?"

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நைசாக வெளியே போய் ஆட்டோக்காரரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். டாக்டர் விடவில்லை. முனிராஜ் அண்ணனை அனுப்பி உள்ளே வரவழைத்து, வீரனின் காலைப் பிடிக்கச் சொன்னார்.

மூத்திரம் போகும் இடத்தை மூடியிருக்கும் தோல் உறைக்குள் அழுக்கும் ஈரமும் தங்கி, சுற்றியுள்ள முடி சிக்குப் பிடித்து, உள்ளே கிருமி சேர்ந்து புண்ணாகியிருந்தது. கிழட்டு ஆண் நாய்களுக்கு இது வருவதுதானாம்.

லேசாகக் கொஞ்சம் மஞ்சள் வந்தால் பயப்பட வேண்டாமாம். நிறைய வந்தால், பச்சையானால், ரத்தம் தெரிந்தால், மூத்திரம் போக முக்கினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். மூத்திரத்தையும் டெஸ்ட்டுக்கு அனுப்பினார்.

சோப்புப் போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்டேன். பதறிப்போனார். அவர் கொடுத்த சலைனை வெதுவெதுப்பாக்கி, பஞ்சில் நனைத்து மெதுவாகத் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். முடியை ஒட்ட வெட்டக் கூடாது, கொஞ்சம் விட்டு ட்ரிம் பண்ண வேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தவே கூடாது.

எல்லாம் சரி... அங்கே தொட்ட கையால் சாமி விளக்கை எப்படித் தொடுவேன்? அதையும் கேட்டே விட்டேன்.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. நெற்றி நிறைய விபூதி வைக்கிற மனிதர், நிஜமாகவே யோசித்தார்.

"மொதல்ல நாய். அப்புறம் உங்க குளியல். அப்புறம் சாமி. வரிசை சரியா இருந்தா யாருக்கும் கோவம் வராதும்மா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வரிசை. வீரன் தேறினான். கோலத்தின் மேல் மறுபடி படுத்தான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்து, போன தை மாதம் மூப்பில் போனான்.

இனி இந்த வீட்டில் நாயே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னது அன்றைக்குத்தான். சாப்பிடாமல் கிடந்ததும் அவர்தான்.

டாக்டர் தன் நாய்க்குத் துடைப்பதையும் பார்த்திருக்கிறேன். கெம்பாவுக்கும் அதே தொந்தரவு. கிளினிக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சும்னிரப்பா... சும்னிரு" என்பார். சும்மா இருடா என்பதைக் கன்னடத்தில் தாலாட்டு மாதிரி சொல்வார்.

அவர் போனதிலிருந்து கெம்பா யாரையும் கிட்டே விடவில்லை. முனிராஜ் அண்ணன் பஞ்சை எடுத்தாலே பல்லைக் காட்டினான். சொட்ட ஆரம்பித்துவிட்டது.

கௌரம்மா நாளைக் காலை பஸ்ஸில் துமகூர் கிளம்புகிறார். அங்கே அபார்ட்மெண்ட், நாய் வைக்க முடியாது. அதனால் கெலவரப்பள்ளியில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கட்டுவதாகப் பேச்சு. நல்லவர்கள்தான்... ஆனால் தினமும் பஞ்சோடு அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

இன்று காலை நான் போனேன். கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். சும்னிரப்பா.

கெம்பா என்னையே பார்த்தான். மெதுவாக வெளியே வந்தான். என் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து, தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தான்.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு. துக்க வீட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கௌரம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார்.

துடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். விளக்கேற்றினேன், டாக்டருக்கும் சேர்த்து.

வரிசை மாறவில்லை டாக்டர். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

என்னங்க... ஷிப்ட்டுல போன் எடுக்க மாட்டீங்க, டீ டைம்ல பேஸ்புக் பார்ப்பீங்கன்னு தெரியும். கெம்பாவைக் கூட்டிட்டு வந்துடட்டுமா? கௌரம்மா காலையில கிளம்பிடுவாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லுங்க.