வேண்டாம் என்று மூன்று தரம் சொன்ன விமானம்

1. சிவப்பும் வெள்ளையும்

ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு சிறிய விமானத்தளத்தில் சிறு விமானங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. நகரின் தெற்கே இருக்கும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து தினமும் இவ்வளவு தூரம் போகிறாயே என்று வீட்டில் திட்டு வாங்கியும் விடாத வேலை. வாங்கப்போகும் விமானத்தைப் பார்த்துச் சொல்லும்படி பலர் கூப்பிடுவார்கள். அநேகமானோர் மனதில் முடிவெடுத்துவிட்டு, நான் தலையாட்டுவதற்காகத்தான் கூப்பிடுவார்கள். வாசுகியின் அண்ணன் சிவகுமாரும் அந்த வகைதான்.

வாசுகி மயக்கமருந்துத் தாதி. வாடகை விமானங்களை ஓட்டிப் பழகியவள், வான்பந்தயத்தில் ஓட ஆசைப்பட்டாள். விமானம் வாங்கித் தருவதாகச் சொன்னவர் அண்ணன். ஒஸ்லோவின் ரொம்சோஸில் இருந்துகொண்டு துப்புரவு நிறுவனம் நடத்துகிறவர், தங்கச்சி என்றால் உயிர்.

விமானக் கொட்டகையான ஹாங்கரில் இரண்டு விமானங்கள் விலைக்கு நின்றன. சிவப்பு நிறத்தது நான்கு ஆசனங்களும் பெரிய எஞ்சினும் பறக்கும்போது உள்ளே மடங்கும் சில்லுகளும் கொண்டது. வெள்ளை நிறத்தது இரண்டே ஆசனமுள்ள பழைய சின்ன விமானம். இரண்டையும் திறந்து பார்த்தேன். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் ஓடவிருந்தது தாழப் பறந்து ஓடும் ஹாண்டிகேப் பந்தயம். ஒவ்வொரு விமானத்தின் வேகத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுவார்கள். மெதுவானது முதலில் கிளம்பும், வேகமானது கடைசியில் கிளம்பும். எல்லோரும் பிழையில்லாமல் ஓட்டினால் எல்லோரும் ஒன்றாகவே வந்து சேரவேண்டும். ஆகவே எஞ்சின் பெரிதாக இருந்து பயனில்லை. வளைவுகளில் வேகத்தைச் சிந்தாதவருக்கே வெற்றி. இதை அண்ணனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்டாலும் நல்லது நல்லதுதானே" என்றார்.

வாசுகி சின்னது காணும், அதுவே போதும் என்றாள். அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள். அதற்கும் சிரித்தார்.

2. சோதனைப் பறப்பு

சிவப்பில் மூவரும் ஏறினோம். வாசுகி ஓட்டினாள், அண்ணன் பக்கத்தில், நான் பின்னால். நேராகப் பறந்தபோது அருமையான விமானம், பொய் சொல்லக்கூடாது. ஏரிக்கு மேலே பந்தயத்தில் திரும்புவதுபோலத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். முதல் வளைவை இறுக்கி எடுத்தாள். விமானம் ஒருமுறை நடுங்கியது. அதற்குப் பிறகு எல்லா வளைவுகளையும் அகலமாகவே எடுத்தாள். அண்ணன் கீழே ஏரியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு வெள்ளையில் அண்ணனும் தங்கச்சியும் போனார்கள். நான் கீழே நின்று பார்த்தேன். பழகின சந்துக்குள் சைக்கிளைத் திருப்புவதுபோலத் திருப்பினாள்.

இறங்கியதும் அலுவலக அறையில் கோப்பி ஊற்றினேன். வாசுகி மூன்றாம் தரமும் சின்னது காணும் என்றாள். அண்ணன் பேனையைத் திறந்து, சிவப்புக்குரிய ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"இவள் சின்னனிலையிருந்து இப்பிடித்தான் அண்ணை. எதைக் குடுத்தாலும் காணும் காணும் எண்டுவாள்" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீடுகளில் போதும் என்று இலையின் மேல் கையை மறித்தால் இன்னும் ஒரு கரண்டி விழும். போதும் என்பது மரியாதைக்குச் சொல்வது, அதை நம்பிக் கரண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர் மனிதரே இல்லை. அந்த வழக்கத்தை இவர் ஹாங்கருக்குள்ளும் கொண்டுவந்திருந்தார். சோறு கூடினால் வயிறுதான் ஊதும். தாழப் பறக்கும்போது இது உயிர் விஷயம். எனக்குக் கோபமே வந்தது.

"தங்கச்சி, ஏன் வளைவுகளை அகலமா எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

வாசுகி கோப்பையை மேசையில் வைத்தாள்.

"பயம் அண்ணை. இறுக்கித் திருப்பினா நடுங்குது. பந்தயத்திலை அது நடுங்கி விழத் தொடங்கினா மீட்டெடுக்கக் கீழை உயரம் இருக்காது."

அண்ணன் பேனையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்தார். "அதை முந்தியே சொல்லியிருக்கலாமே."

"மூண்டு தரம் சொன்னனான் அண்ணா. நீங்கள் பந்தியிலை நிண்டு கேக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

அவர் முகம் சுருங்கிப்போனது. பாசத்தில் செய்கிறோம் என்று நினைத்துத் தங்கச்சியை எங்கே ஏற்றப் பார்த்தோம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். வெள்ளையை வாங்கினார்கள்.

3. பந்தய நாள்

கோடையில் பந்தயம். மெதுவான விமானம் என்பதால் வாசுகிதான் முதலில் கிளம்பினாள். மற்றவையெல்லாம் பிறகு துரத்திக்கொண்டு போயின. அண்ணன் என் பக்கத்தில் நின்றார்.

வாசுகி நாலாவதாக வந்தாள். கடைசி நேர்கோட்டில் மூன்று பேர் முந்திவிட்டார்கள். வெற்றிக் கிண்ணத்துக்காக வந்தவர்களுக்கு நாலாமிடம் ஒன்றுமில்லைதான். அவள் இறங்கி வந்து தலைக்கருவியைக் கழற்றினாள். நாலாமிடத்தைப் பற்றி அண்ணன் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன்.

"எங்கையாவது பயந்தனியோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓரிடத்திலையும் இல்லை."

அவர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

விமானம் தெரிவுசெய்ய வருகிறவர்களிடம் முன்பெல்லாம் எஞ்சினையும் வேகத்தையும் பற்றித்தான் முதலில் கேட்பேன். இப்போது ஓட்டப்போகிறவரைத் தனியே கூப்பிட்டு, எதில் ஏறப் பயம் என்று கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறேன்.